சிகாமணிக்கு வைத்த பொட்டு

இப்படி வந்து ஒக்காரு அம்மிணி, அங்க காத்தாடி மூஞ்சிக்கு நேரா அடிக்கும். உள்ள கூப்புட இன்னும் நேரமாகும். எனக்கு முன்னாலயே ஏழு பேர் இருக்காங்க. கடைசி ரூம்ல படுத்திருக்கறது உன்ற ஊட்டுக்காரரா? கையை வயித்தோட வெச்சுத் தெச்சிருக்காங்களா? பயப்படாதே. எனக்கும் அப்படித்தான் தெச்சாங்க, இருபத்தியொரு நாளு. வயித்துத் தோலு கையில புடிச்சுக்கிட்டதுக்கு அப்பறம் அறுத்து விட்டுருவாங்க. அதுவரைக்கும் தும்மல் வந்தாத்தான் கஷ்டம். தும்மறதுக்கு முன்னால தலகாணியை வயித்துல அமுக்கிப் புடிச்சுக்கச் சொல்லு. இதெல்லாம் டாக்டருங்க சொல்ல மாட்டாங்க.

அழுதிருக்கியே. அழுகாதே. அழுகறதுக்குப் பதிலா ஆரையாச்சும் திட்டு. நெசமாத்தான் சொல்றேன். என்ற கை இவ்வளவு தூரம் வந்திருக்குதுன்னா மருந்து பாதி, ஒருத்தன் மேல இருந்த ஆத்திரம் பாதி.

இந்தா, இந்தக் கட்டைவெரலைப் பாரு. நல்லாப் பாரு. நகம் சிறுசா இருக்குதல்லோ? இது கையில மொளச்ச வெரலே இல்ல. என்ற இடது கால் வெரலு. பெருவெரலுக்கு அடுத்தது, மெட்டி போடற வெரல். சுத்தி ஒரு தடம் தெரியுதா, அது இருவத்திமூணு வருசம் மெட்டி கெடந்த தடம். காலை அறுத்துக் கையில ஒட்டி வெச்சிருக்காங்க. இந்தக் கோலத்துக்கு ஆளாக்குனவன் இன்னும் அதே கம்பெனியில தெனமும் டீ குடிச்சுட்டு இருக்கறான்.

பேரு தெய்வசிகாமணி. பேருலதான் தெய்வம். கணபதி பஸ் ஸ்டாப் பக்கம் எங்க கம்பெனி. அங்க அவன் செட்டர். செட்டர்னா மெசின்ல அச்சு மாட்டிக் குடுக்கறவன். பொம்பளைங்க பன்னெண்டு பேரு பவர் பிரஸ் ஓட்டறோம். பம்பு மோட்டாருக்குப் பின்னால ஒரு தகர மூடி இருக்குமல்லோ, அதை அடிக்கறது. தகட்டை வெச்சுப் பட்டனை அமுக்குனா அச்சு மேலிருந்து எறங்கி ஒரே அடி. மூடியை எடுத்துப் போட்டுட்டு அடுத்த தகடு வெக்கோணும். அவ்வளவுதான் சோலி.

மெசினுக்கு ரெண்டு பட்டன். வலது கைக்கு ஒண்ணு, இடது கைக்கு ஒண்ணு. ரெண்டையும் ஒட்டுக்கா அமுக்குனாத்தான் அச்சு எறங்கும். ரெண்டு கையும் பட்டன் மேல இருந்தா அச்சுக்கு அடியில கை இருக்காதல்லோ, அதுக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனா ஒரு நாளைக்கு ஆயரத்தி எரநூறு மூடி அடிக்கோணும்னு வெச்சுக்க. ரெண்டு கையும் தகட்டுக்கும் பட்டனுக்கும் போய்ப் போய் வந்துட்டு இருந்தாப் பொளுது போயிரும். அதனால நாங்க ஒண்ணு பண்ணுவோம். காலையில மெசினுக்கு ஊதுபத்தி காட்டித்தான் சுவிட்சே போடுவோம். பத்தி எரிஞ்சு முடிஞ்சா அடிக்குச்சி மிஞ்சுமல்லோ? அதை ஒடிச்சு மடக்கி, வலது பட்டனை அமுக்கிப் புடிச்சு ஓரத்துல செருகிருவோம். பட்டன் அமுங்குனபடியே நின்னுக்கும். அப்பறம் இடது கையில ஒரு பட்டனை அமுக்குனாப் போதும். வலது கை சும்மா இருக்கும், தகடு வெக்க, மூடி எடுக்க. சாமிக்குக் காட்டுன குச்சியாச்சே, அதுல கெட்டது வராதுன்னு ஒரு தைரியம். பதினோரு வருசம் நான் அப்படித்தான் ஓட்டுனேன்.

ஆமா, குச்சி வெச்சது நாந்தான். அதை விடு. அதெல்லாம் எல்லாரும் வெப்பாங்க.

விசியம் என்னன்னா, இந்தச் சிகாமணிக்கு ஒரு கெட்ட பழக்கம். காலையில அச்சு மாட்டி முடிச்சுட்டு வரிசையா வருவான், ஒவ்வொரு பட்டனாப் பாத்து குச்சியைப் புடுங்கிப் பாக்கெட்டுல போட்டுக்குவான். "அக்கா, கை போயிருமுங்க, வேண்டாமுங்க"ம்பான். அவன் அக்கட்டால போனதும் நாங்க வேற குச்சி செருகுவோம். மறுபடி வருவான், மறுபடி புடுங்குவான். குச்சிபுடுங்கின்னே பேரு வெச்சுட்டோம். முப்பது வயசு ஆகலை, எங்களுக்குப் புத்தி சொல்றான். எனக்கு எப்படி இருக்கும்? என்ற மூடிக் கணக்கு அன்னன்னிக்குக் கொறையுது.

போன வருசம் ஆடி மாசம், ஒரு நாள் டீ நேரத்துல நான் அவனைப் புடிச்சுக்கிட்டேன். பன்னெண்டு பேரும் ஒக்காந்திருக்கறாங்க, மொதலாளி கூட ஆபீஸ் வாசல்ல நிக்கறார். "ஏப்பா சிகாமணி, கட்டுன பொண்டாட்டியவே ஊட்ல நிறுத்தி வெக்கத் துப்பில்ல, என்ற பட்டனுக்குக் காவல் இருக்கறயா? இன்னொரு தடவை என்ற மெசின்ல கைய வெச்சே, நல்லா இருக்காது பாத்துக்க"ன்னேன். அவன் பொண்டாட்டி அப்பத்தான் கோவிச்சுக்கிட்டு அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருந்தா. எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான்னுதான் நெனைக்கறேன். டீ டம்ளரை அப்படியே வெச்சுட்டுப் போயிட்டான்.

மறுநா காலையில வழக்கம்போல வரிசையா வந்தான். பதினோரு மெசின்லயும் புடுங்குனான். என்ற மெசின்கிட்ட வந்தான். குச்சியப் பாத்தான். என்ற மூஞ்சியப் பாத்தான். அப்படியே தாண்டிப் போயிட்டான்.

பதினொன்னே காலுக்கு அடிச்சிருச்சு.

தகடு கோணலா ஒக்காந்திருந்துச்சு, நேராக்கலாம்னு வலது கையை உள்ள விட்டேன். இடது கை பழக்கத்துல அதும்பாட்டுக்குப் பட்டனை அமுக்கிருச்சு. சத்தம்கூட வேற மாதிரி கேக்கலை, எப்பவும் கேக்கற அதே சத்தந்தான். கட்டைவெரல் அடியோட போச்சு. உள்ளங்கையில பாதித் தோலு போச்சு. வெரலைத் தேடி எடுத்தாங்க, ஆனா அது நசுங்கித் தகட்டோட தகடா இருந்துச்சு. ஒட்டறதுக்கு லாயக்கில்லைன்னுட்டாங்க.

இப்ப நீயே சொல்லு. தெனமும் புடுங்கறவன் அன்னிக்கு மட்டும் ஏன் புடுங்கலை?

என்ன அப்படிப் பாக்கறே? நான் சொன்னேன்தான், இல்லைங்கலை. கோவத்துல ஒருத்தி ஆயரம் சொல்லுவா. அதை எடுத்துக்கறதா? நாலு வருசமா நான் திட்டாத நாளில்ல, அப்பெல்லாம் காதுலயே போட்டுக்காம புடுங்குனானே. அந்த ஒரு நாள் மட்டும் ரோசம் வந்திருச்சாக்கும். பத்து ரூபா பெறாத ரோசம், என்ற கட்டைவெரலைத் தின்னுருச்சு.

கம்பெனி வேன்ல போட்டு இங்க கொண்டாந்தாங்க. அவந்தான் கூட ஒக்காந்து வந்தான். கையைத் தூக்கிப் புடிச்சிருக்கோணும்னு ஆரோ சொன்னாங்களாம், என்ற முழங்கையைத் தன்ற தோள் மேல வெச்சு, சவுரிபாளையம் தாண்டி சிக்னல்ல நின்னப்பவும் எறக்காம அப்படியே புடிச்சிருந்தான். சட்டையெல்லாம் ரத்தம். அரை மயக்கத்துல நான் சொன்னேன், "இப்பப் புடிக்கறயேடா, காலையில குச்சியைப் புடுங்கியிருந்தா என்ன"ன்னு. அதுதான் அவன்கிட்ட நான் கடைசியாப் பேசுனது.

அதுக்கப்பறம் பேசலை. வெச்சிருந்தேன், நேரம் வரட்டும்னு. ஞாயித்துக்கெழமை தவறாம எளநி எடுத்துட்டு வருவான். இதோ இந்தத் தூணுகிட்டத்தான் நிப்பான். நான் செவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவேன். கை வயித்தோட ஒட்டியிருக்கறப்ப ஒரு பக்கமாத்தான் திரும்ப முடியும், அது கதவுப் பக்கம். இருந்தாலும் கழுத்தை மட்டுமாச்சும் திருப்பிக்குவேன். எளநியை என்ற ஊட்டுக்காரர் குடிப்பார். மொதலாளிகிட்டச் சொன்னேன், அவனை நிறுத்துங்கன்னு. அவர் கூப்புட்டுக் கேட்டிருக்கார். "பாத்தேனுங்க, எடுக்காம விட்டுட்டேனுங்க, என்ற தப்புதானுங்க"ன்னு ஒத்துக்கிட்டான். மொதலாளி என்னடான்னா, "அவனே ஒத்துக்கறான், அவனை எப்படிம்மா நிறுத்தறது"ங்கறார். எப்படி இருக்குது பாரு நாயம்.

வயித்துல இருந்து கையை எடுத்து, புண்ணெல்லாம் ஆறி, கார்த்திகையில டாக்டர் கூப்புட்டு ஒக்கார வெச்சார். கட்டைவெரல் இல்லாட்டிக் கை பாதிக்கும் மேல போன கணக்கு, மத்த நாலு வெரலும் எதை எதுத்துப் புடிக்கும், டம்ளர் புடிக்க முடியாது, சீப்புப் புடிக்க முடியாது, கால் வெரலை எடுத்து வெக்கலாம்னு சொன்னார். நான் கேட்டேன், "ஏனுங் டாக்டர், அந்தக் கையால ஒருத்தனை ஓங்கி அறைய முடியுமுங்களா?" அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு, "வெளிய நிக்கறாரே, அவரையாம்மா"ன்னு கேட்டார். நான் என்ற ஊட்டுக்காரரைச் சொல்றேன்னு நெனச்சுட்டார் பாவம்.

ஆப்பரேசன் அன்னிக்குக் காலையில உள்ள போனவ, பொளுது எறங்கித்தான் வெளிய வந்தேன். தலைமசுராட்ட இருக்கற நூலை வெச்சு நரம்பையும் ரத்தக் கொழாயையும் தெக்கறாங்களாமே, என்ன கண்ணோ அவங்களுக்கு. அப்பறம் அஞ்சு நாளைக்குக் காப்பி கூடாது. காத்தாடி கூடாது. பீடி குடிச்சவன் ரூமுக்குள்ளயே வரக்கூடாது. ரத்தக் கொழாய் சுருங்கிப் போகுமாம். என்ற ஊட்டுக்காரர் அஞ்சு நாளும் கதவுக்கு வெளிய நின்னுதான் பேசுனார். மணிக்கொருக்கா நர்சம்மா வந்து வெரல் செவப்பா இருக்குதா, சூடா இருக்குதான்னு பாப்பாங்க. ஒரு நாள் கொஞ்சம் வெளுத்துச்சு. எல்லாரும் ஓடி வந்தாங்க. நான் மனசுக்குள்ள சொன்னேன், வெரலே, போயிராதே, உனக்கு ஒரு வேலை இருக்குதுன்னு. சித்தே நேரத்துல செவந்துருச்சு. நம்புனா நம்பு, நம்பாட்டிப் போ.

தை பொறந்ததும் இந்த ரூம்லதான் பயிற்சி ஆரம்பிச்சாங்க. மைதா மாவாட்ட ஒரு உருண்டை குடுத்து அமுக்கச் சொல்லுவாங்க. உன்ற ஊட்டுக்காரருக்கும் குடுப்பாங்க. எல்லாரும் மொனகிக்கிட்டே ரெண்டு தடவை அமுக்கிட்டு வெச்சுருவாங்க. நான் வெக்க மாட்டேன். அதைச் சிகாமணி கொரவளைன்னு நெனச்சுக்குவேன். துணி கிளிப்பைக் கம்பியில மாட்டச் சொல்லுவாங்க, அவன் காதுன்னு நெனச்சு மாட்டுவேன். மணல்ல கொண்டக்கடலையை ஒளிச்சு வெச்சுப் பொறுக்கச் சொல்லுவாங்க, அவன் கண்ணுன்னு நெனச்சுப் பொறுக்குவேன். பயிற்சி குடுக்கற அந்தப் புள்ள பெமிலா, மத்தவங்களுக்கெல்லாம் என்னைக் காட்டிச் சொல்லும், "துளசிமணியக்காவைப் பாருங்க, நாலு மாசத்துல வர்றது இவங்களுக்கு ரெண்டு மாசத்துல வந்துருச்சு, மனசுதான் காரணம்"னு. மனசுல என்ன இருக்குதுன்னு அதுக்கு எங்க தெரியும்.

ஆனா அறையறது மட்டும் கூடாதுன்னுருச்சு. ஓங்கி எதுலயும் அடிக்கக் கூடாதாம், உள்ள வெச்ச எலும்பு நழுவிருமாம். எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலை. அப்பறம் எதுக்குடா இந்த வெரலு, வெண்டக்கா நறுக்கறதுக்கான்னு ஆயிருச்சு.

வழி காட்டுனது என்ற ஊட்டுக்காரர்தான். ஒரு வெள்ளிக்கெழமை சாமி கும்புட்டுட்டு, ஒரு ஆசையில, புது வெரலாலயே துண்ணூறு எடுத்து அவர் நெத்தியில வெக்கப் போனேன். படக்குனு பின்னால போயிட்டார். "ஏண்டி, காலைக் கொண்டாந்து நெத்தியில வெக்கறே"ன்னார். கைதாங்கன்னேன். "கையில இருந்தா? கால் காலுதானே"ன்னார். அன்னிக்கு நாலு மணி நேரம் அழுதேன். அழுது முடிச்சுட்டு மூஞ்சியைக் கழுவறப்பத்தான் தோணுச்சு. அட, கட்டுனவனே ஒதுங்கறான்னா, இதை விட என்ன வேணும். அறையறதாவது ஒண்ணாவது. பன்னெண்டு பேருக்கு முன்னால அவன் என்ற காலை நெத்தியில வாங்கோணும்.

புரட்டாசி வரைக்கும் காத்திருந்தேன். ஆயுத பூசை அன்னிக்கு எங்க கம்பெனியில மெசின் ஓடாது. கழுவித் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பூசணிக்கா சுத்தி ஒடச்சு, பொரியும் சுண்டலும் குடுப்பாங்க. வழக்கமா மொதலாளி சம்சாரம்தான் மெசினுக்கெல்லாம் பொட்டு வெச்சுட்டு, ஆளுங்களுக்கும் வெச்சு விடும். இந்தத் தடவை நானே போய்க் கேட்டேன், "அம்மிணி, அடிபட்ட கை, என்ற கையால வெச்சாத் திருஷ்டி கழிஞ்சாப்பல இருக்குமுங்க"ன்னு. அது கண்ணு கலங்கிப் போய்க் கிண்ணத்தைக் குடுத்துருச்சு.

மொதல்ல மெசினுக. என்ற மெசினுக்கும் வெச்சேன், அதுமேல எனக்கொண்ணும் கோவமில்ல. அப்பறம் ஆளுங்க வரிசையா வந்தாங்க. எல்லாருக்கும் மோதிர வெரலாலதான் வெச்சேன், வெக்கற மொறைப்படி. கடைசியில அவன் வந்தான். ஆளு பாதியாயிருந்தான். பக்கத்துல பாத்தே பதினாலு மாசமாச்சு. கையைக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சான். நான் மோதிர வெரலை மடக்கிட்டு, இந்த வெரலைக் குங்குமத்துல முக்குனேன். பாத்துட்டு இருந்தவளுகளுக்குப் புரிஞ்சுபோச்சு. பக்கத்து மெசின் சுகந்தி "அக்கா"ன்னு இழுத்தா. நான் புருவத்துக்கு நடுவுல வெச்சு அழுத்தி, மேல ஒரு இழுப்பு இழுத்தேன். "சிகாமணி, இது என்ற காலு. தெரிஞ்சுக்க"ன்னேன். அத்தனை பேருக்கும் கேக்கறாப்பல சொன்னேன். பூசணிக்கா ஒடைக்கறதுக்குக் கையை ஓங்குனவன் அப்படியே நின்னுட்டான்.

அவன் நிமிரவே இல்ல. "தெரியுமுங்க்கா"ன்னான். "ஆப்பரேசனப்பவே எந்த வெரலுன்னு உங்க ஊட்டு அண்ணன் சொன்னாருங்க. இன்னும் நல்லா அழுத்தி வெய்யுங்க."

அழுவானாட்ட இருக்குது, கண்ணுல தண்ணி. ஆனா அது அவமானத்துல வந்த தண்ணி இல்ல அம்மிணி. அது எனக்குத் தெரியாதா? "ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நீங்க திட்டுவீங்கன்னுதானுங்க வந்து நின்னேன். ஒரு வார்த்தை சொல்லலையேங்க்கா நீங்க. இன்னிக்குத்தானுங்க எனக்குச் சோறு எறங்கும்"னான். சொன்னபடியே ரெண்டு தட்டு சுண்டல் தின்னான். பொட்டைத் துடைக்கலை. சாயங்காலம் அதோடயே பஸ் ஏறிப் போனான். பதினாலு மாசம் வளத்த ஆத்திரத்தை ஒரு பொட்டுல வாங்கிட்டு நிம்மதியாப் போயிட்டான், படுபாவி. நான் அங்க வெறும் கிண்ணத்தோட நிக்கறேன்.

சரி, அதாச்சும் போகட்டும். இன்னொண்ணு நடந்துச்சு, அதை ஆருகிட்டயும் நான் சொல்லலை. நீ ஊர் பேர் தெரியாதவ, உன்கிட்டச் சொல்றேன். இந்த வெரலுக்கு அன்னிக்கு வரைக்கும் தொட்டா ஒணர்ச்சியே கெடையாது. தெச்ச நரம்பு உள்ளுக்குள்ள வளந்து நுனிக்கு வரோணுமாம், வரும், வராமயும் போகும்னாங்க. என்ற மக கன்னத்தைத் தொட்டுப் பாத்தேன், கட்டையாட்ட இருந்துச்சு. சாமி வெளக்குல கூட வெச்சுப் பாத்தேன், கொப்புளம் வந்துச்சே தவிர சுட்டது தெரியலை. அவன் நெத்தியில வெச்சு அழுத்துனேன் பாரு, அப்பத் தெரிஞ்சுது. மொதல்ல வேர்வை ஈரம். அப்பறம் சூடு. அதுக்குள்ள ஒரு நரம்பு படபடன்னு அடிச்சுக்கிட்டு இருந்தது, அது கூடத் தெரிஞ்சுது. ஊர்ல எத்தனை பேர் நெத்தி இருக்குது, போயும் போயும் அவன் நெத்தியிலயா தெரியோணும்?

இன்னிக்கு அந்தச் சோதனைக்குத்தான் வந்திருக்கேன். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிசா ஒரு நைலான் இழையால தொட்டுத் தொட்டு, தெரியுதா தெரியுதான்னு பெமிலா கேக்கும். தெரியுதுன்னு சொன்னா எப்ப இருந்து, எதைத் தொட்டப்பன்னு கேட்டு நோட்டுல எழுதும். நான் என்னன்னு சொல்லட்டும்? இந்தக் கையை எடுத்துக்கிட்டவனே திருப்பிக் குடுத்தான்னு எழுதச் சொல்றதா? செத்தாலும் சொல்ல மாட்டேன். தெரியலைன்னுதான் சொல்லப் போறேன். எங்க தொட்டாலும் தெரியலைங்கறதுதான் பேச்சு. கரண்ட் வெச்சுப் பாக்கலாம், இன்னும் ஆறு மாசம் வாங்கன்னுவாங்க. வர்றேன், எனக்கென்ன வேற சோலி. அந்த ஆறு மாசமும் அவன் பதில் சொல்லோணுமல்லோ.

என்ற பேரைக் கூப்புடறாங்க. வெரலை விடு அம்மிணி, பாத்தது போதும். உன்ற கை ஏன் இப்படிச் சில்லுனு கெடக்குது? போய் ஒரு டீ குடி.